இலை மஞ்சளானா உடனே எப்சம் உப்பா? – மாடித்தோட்டக் கேள்வி பதில்

வணக்கம். மண் பரிசோதனை நிலையத்துல 27 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவ நான். இப்போ ஸ்ரீரங்கத்துல மொட்டை மாடியில 60 பை, 20 தொட்டி வெச்சிருக்கேன். இன்னைக்கு சாயங்காலம் எப்சம் உப்பு பத்தி மட்டும் பேசலாம்னு உட்கார்ந்திருக்கேன். இந்த வருஷம் என்கிட்ட வந்த கேள்வியில பாதி இதைப் பத்தித்தான். கேக்கறப்ப மூணு விஷயம் சேர்த்து எழுதுங்க. மஞ்சளானது அடி இலையா, கொழுந்தா? என்ன தண்ணி ஊத்தறீங்க? பையில என்ன கலவை? இந்த மூணும் தெரியாம எத்தனை ஸ்பூன்னு என்னால சொல்ல முடியாது.

கேள்வி (பல்லாவரம்): அம்மா, எப்சம் உப்பும் இந்துப்பும் ஒண்ணா? நாட்டு மருந்துக் கடையில கேட்டா பேதி உப்புன்னு ஒண்ணு, அன்னபேதின்னு ஒண்ணு காட்டறாங்க. எதை வாங்கறது?

பதில்: மூணும் மூணு சரக்கு. குழப்பிக்கிட்டா செடி போயிடும், அதனால நிதானமா சொல்றேன்.

இந்துப்பு சமையல் உப்போட அண்ணன், சோடியம் குளோரைடு. தொட்டியில ஒரு சிட்டிகை கூட போடக்கூடாது. பேதி உப்புதான் எப்சம் உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேட். வயித்தைக் கழுவறதுக்குக் குடுத்ததால அந்தப் பேர். அன்னபேதி இரும்பு சல்பேட். வெளிர் பச்சையா இருக்கும், காத்து பட்டா துருப்பிடிச்ச மாதிரி பழுப்பேறும். எப்சம் உப்பு வெள்ளையா, ஊசி ஊசியா, சர்க்கரை மாதிரியே இருக்கும்.

லண்டன் பக்கத்துல எப்சம்னு ஒரு ஊர். அங்கே 1618-ல ஒரு ஊற்றுத் தண்ணி கசக்குதுன்னு மாடுகள் குடிக்க மறுத்ததாம். அந்தத் தண்ணியைக் காய்ச்சி எடுத்த உப்புங்கிறதால ஊர்ப் பேரே நிலைச்சுடுச்சு. இதுல மக்னீசியம் நூத்துக்குப் பத்து பங்குக்குக் கொஞ்சம் கம்மி, கந்தகம் 13 பங்கு, எடையில பாதி படிகத்துக்குள்ள இருக்கிற தண்ணி. தழைச்சத்து இல்லை, மணிச்சத்து இல்லை, சாம்பல் சத்தும் இல்லை. அதனால இதை ‘உரம்’னு நினைச்சுப் போட்டா ஏமாந்துதான் போவீங்க. ஒரு குறைக்கான மருந்து இது.

உரக்கடையில மக்னீசியம் சல்பேட்னு கேட்டு வாங்குங்க. கால் ஊற வைக்கிறதுக்குன்னு வாசனை, சாயம் சேர்த்து விக்கிறது வேண்டாம். வாங்கினதும் டப்பா மேல பேர் எழுதி ஒட்டி, சமையல் அறைக்கு வெளியில வெச்சுடுங்க. சர்க்கரைன்னு நினைச்சு குழந்தை வாயில போட்டுடும். இதை இன்னைக்கு இன்னும் ரெண்டு மூணு தடவை சொல்லுவேன்.

கேள்வி (கரூர்): அக்கா, தொட்டி எலுமிச்சை, நாலு வருஷச் செடி. பழைய இலை மட்டும் மஞ்சளாகுது, அதுவும் காய் பிடிச்ச கிளையில அதிகம். காம்பு ஓரத்துல மட்டும் பச்சை நிக்குது. ஆத்துத் தண்ணி. வாரா வாரம் அடுப்புச் சாம்பலும் வாழைத்தோல் தண்ணியும் குடுக்கறேன். எப்சம் போடலாமா?

பதில்: போடலாம் தம்பி. இதுவரைக்கும் வந்ததுல முழு விவரத்தோட வந்த கேள்வி உங்களோடதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

ஒரு இலையைப் பறிச்சு உள்ளங்கையில வெச்சு, காம்பு உங்க பக்கம் இருக்கிற மாதிரி பிடிங்க. பச்சை காம்புகிட்ட அகலமா ஆரம்பிச்சு, நடு நரம்பு மேலேயே ஒடுங்கிக்கிட்டுப் போய் நுனியைப் பார்த்துக் கூராகும். ரெண்டு பக்கமும் மஞ்சள். எங்க ஊர்க் கோபுரத்தைத் தூரத்துல இருந்து பார்க்கிற மாதிரி ஒரு பச்சை முக்கோணம். எலுமிச்சை, ஆரஞ்சு, நாரத்தை எல்லாத்துலயும் மக்னீசியக் குறைக்கு இதுதான் முகம்.

ஏன் பழைய இலை? இலையோட பச்சையம் இருக்கே, அதோட ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நடுவுல ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கு. மண்ணுல இருந்து வரத்து குறைஞ்சா, செடி அடி இலையைப் பிரிச்சு அதுல இருக்கிற மக்னீசியத்தை எடுத்துக் கொழுந்துக்கும் காய்க்கும் அனுப்பிடும். காய் நிறைய இருக்கிற கிளை முதல்ல வெளுக்கிறதுக்குக் காரணம் அதுதான்.

உங்க விஷயத்துல வரத்து ஏன் குறைஞ்சதுன்னா, சாம்பலும் வாழைத்தோலும். ரெண்டுலயும் பொட்டாசியம் அதிகம். வேர்ல நுழையிற இடத்துல பொட்டாசியமும் மக்னீசியமும் போட்டி போடும். பொட்டாசியம் கூட்டமா நின்னா மக்னீசியத்துக்கு வழி கிடைக்காது. சாம்பலை ரெண்டு மாசம் நிறுத்துங்க. நிறுத்தாம எப்சம் மட்டும் போட்டா ஒரு கையால குடுத்து இன்னொரு கையால பிடுங்கற கதைதான்.

அளவு: தலைதட்டின ஒரு டீஸ்பூன், என் வீட்டுத் தராசுல 5 கிராம், ஒரு லிட்டர் தண்ணிக்கு. கரைக்கிறப்ப குவளையைத் தொட்டுப் பாருங்க, லேசா குளிரும். இந்த உப்பு கரையறப்ப சூட்டை உள்ளே இழுக்கும். வெயில் தாழ்ந்ததும் இலையோட மேல் பக்கம், அடிப்பக்கம் ரெண்டும் நனையத் தெளிங்க. முதல் தடவை ஒரே ஒரு கிளைக்கு மட்டும் தெளிச்சு, அந்தக் கிளையில ஒரு நூல் கட்டி வைங்க. 15 நாள் கழிச்சு இன்னொரு தடவை. மூணு வாரத்துல நூல் கட்டின கிளைக்கும் மத்த கிளைக்கும் வித்தியாசம் தெரிஞ்சா செடி முழுக்க அடிங்க. ரொம்ப வெளுத்த இலை திரும்பாது. அடுத்த இலை மஞ்சளாகாம நிக்குதாங்கிறதுதான் கணக்கு.

கேள்வி (மதுரை): கறிவேப்பிலை கொழுந்து எலுமிச்சம்பழ நிறத்துல வருது மேடம். நரம்பு மட்டும் பச்சை. அடி இலை நல்லா இருக்கு. போரிங் தண்ணி. எப்சம் ரெண்டு தடவை போட்டும் பலன் இல்லை.

பதில்: பலன் வராது சார். கொழுந்து வெளுத்து அடி இலை பச்சையா இருந்தா அது இரும்புக் குறை. இரும்பு ஒரு இலையில போய் உட்கார்ந்துட்டா அங்கிருந்து நகராது. அதனால புது இலைக்குத்தான் பஞ்சம் வரும். மக்னீசியத்துக்கு நேர் எதிர்.

மண்ணுல இரும்பு இல்லாம இல்லை. போரிங் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிடுது, காரத்துல இரும்பு கரையாது. அன்னபேதி 5 கிராம் ஒரு லிட்டர்ல, அரை மூடி எலுமிச்சைச் சாறு விட்டுக் கரைச்சு, உடனே இலையில தெளிங்க. சாறு விடலேன்னா கொஞ்ச நேரத்துல பழுப்பேறிக் கெட்டுடும். தரையில விழுந்தா துருக் கறை போகாது, கீழே சாக்கு விரிச்சுக்கோங்க. பத்து நாள் இடைவெளியில ரெண்டு மூணு தடவை. பெரியவங்க கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோர் ஊத்தினதுல அர்த்தம் இருக்கு, புளிப்பு இரும்பைக் கரைச்சுக் குடுக்கும். மழைத் தண்ணி பிடிச்சு ஊத்த முடிஞ்சா எல்லாத்தையும் விட நல்லது.

கேள்வி (ஆவடி): ரோஜா பெரிசா பூக்க மாசாமாசம் ஒரு ஸ்பூன் எப்சம் போடச் சொல்றாங்க. போடறேன். சரியா அக்கா? போரிங் தண்ணிதான்.

பதில்: ஒரு கணக்கு போடலாம் மா. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, ஐ.எஸ். 10500, ஒரு லிட்டர்ல மக்னீசியம் 30 மில்லிகிராம் வரை நல்லதுன்னும், வேற தண்ணி கிடைக்கலேன்னா 100 வரை பொறுத்துக்கலாம்னும் சொல்லுது. உப்புக் கரிக்கிற போரிங்ல 50 இருக்கிறது சாதாரணம். அப்படி வெச்சுக்கிட்டா, தினம் ஒரு லிட்டர் ஊத்தற தொட்டிக்கு மாசம் 1,500 மில்லிகிராம், அதாவது ஒண்ணரை கிராம் மக்னீசியம் போகுது. அது 15 கிராம் எப்சம் உப்புல இருக்கிற மக்னீசியத்துக்குச் சமம். மாசம் மூணு ஸ்பூனைப் பூமியே உங்களுக்குக் குடுத்துக்கிட்டு இருக்கு. அதுக்கு மேல நீங்க ஒண்ணு. பூ பெரிசாக வெயில் ஆறு மணி நேரமாவது வேணும், கவாத்து வேணும், நல்ல தொழுவுரம் வேணும். நிறுத்திடுங்க.

கேள்வி (சேலம்): அக்கா ரோஜாவுக்கு மாசம் எத்தனை ஸ்பூன்?

பதில்: ஆவடிக்கு எழுதினதைப் பாருங்க.

கேள்வி (கடலூர்): விதை ஊற வைக்கிற தண்ணியில எப்சம் கலந்தா சீக்கிரம் முளைக்குமா?

பதில்: வேண்டாம். முளைக்கத் தேவையான சத்து விதைக்குள்ளேயே இருக்கு. வெறும் தண்ணி போதும்.

கேள்வி (காஞ்சிபுரம்): தக்காளி காய் அடியில கருப்பு வட்டமா அழுகுது. எப்சம் போட்டா நிக்கும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. 20 பை வெச்சிருக்கேன்.

பதில்: தயவுசெஞ்சு போடாதீங்க. இதை நான் பட்டே தெரிஞ்சுக்கிட்டேன். வேலையில இருந்த காலத்துல, மாடியில முதல் முதலா 12 தக்காளி வெச்சேன். முதல் கொத்துல ரெண்டு காய் அடி கருத்தது. வேண்டியவங்க ஒருத்தர் சொன்னாங்கன்னு பைக்கு ஒரு ஸ்பூன் எப்சம் போட்டேன். அடுத்த கொத்து முழுக்கக் கருப்பு. காயைத் தொட்டா அடிப்பக்கம் பழைய செருப்புத் தோல் மாதிரி தட்டையா, விறைப்பா இருந்தது. நாள் முழுக்க மண்ணைச் சோதிக்கிறவ வீட்டுல அப்படி நடந்தது இன்னைக்கும் மனசுல உறுத்துது.

இது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால வர்றது. கால்சியம் தண்ணியோட சேர்ந்துதான் ஏறும். ஒரு நாள் பை காஞ்சு, மறுநாள் குளமா நிறைஞ்சு, மறுபடி காஞ்சா, நடுவுல வளர்ற காயோட நுனிக்குக் கால்சியம் எட்டாது. மக்னீசியமும் கால்சியமும் வேர் வாசல்ல போட்டி போடறவங்க. எப்சம் போட்டா கால்சியத்தை இன்னும் தள்ளி விடறீங்க.

நான் அப்புறம் பண்ணினது: உப்பை நிறுத்திட்டு, பை மேல ரெண்டு விரல்கடை காஞ்ச சருகு மூடாக்கு போட்டேன். ஒரே வேளை ஊத்தின தண்ணியைக் காலையில பாதி, சாயங்காலம் பாதின்னு பிரிச்சேன். மூணாவது கொத்து சுத்தமா வந்தது. கருத்த காயைப் பறிச்சு எறிஞ்சுடுங்க, அது தேறாது. முட்டை ஓடு இந்தப் பட்டத்துக்குள்ள கரைஞ்சு உதவாது.

கேள்வி (திருவள்ளூர்): மிளகாய் இலை மேல் பக்கமா படகு மாதிரி சுருளுது, எப்சம்?

பதில்: இலையைத் திருப்பிப் பாருங்க. மேல் பக்கம் சுருண்டா பெரும்பாலும் இலைப்பேன். கீழ்ப் பக்கமா கவிழ்ந்தா சிலந்திப்பேன். பூச்சிக்கு உப்பு மருந்து இல்லை. வேப்பெண்ணெய்க் கரைசல் அடிங்க.

கேள்வி (நாகர்கோவில்): நத்தைக்கும் எறும்புக்கும் எப்சம் தூவலாமா?

பதில்: நத்தை சமையல் உப்புல சாகறதைப் பார்த்து இதுக்கும் அப்படித்தான்னு நினைக்கிறாங்க. தூவினா மழையில கரைஞ்சு வேருக்குப் போகும், நத்தை அங்கேயேதான் இருக்கும். ராத்திரி டார்ச் வெச்சுக் கையால பொறுக்குங்க.

கேள்வி (போரூர்): எல்லாம் கோகோபீட் பை மேடம். மண்ணே இல்லை. கோகோபீட், மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு. கத்தரி, வெண்டை ரெண்டுலயும் ஒரு மாசத்துலயே அடி இலை நரம்புக்கு நடுவுல மஞ்சள். மெட்ரோ வாட்டர். மூணு நாளைக்கு ஒரு தடவை சாம்பல் சத்துக்கு வாழைத்தோல்.

பதில்: இந்த வீட்டுக்கு எப்சம் தேவைப்படும். கோகோபீட்ங்கிறது தென்னை மட்டையோட நார்க்கழிவு, அது மண் மாதிரி நடந்துக்காது. தென்னை மட்டையில இயற்கையாவே பொட்டாசியம் அதிகம், மட்டைச் சாம்பலை அந்தக் காலத்துல உரமாவே போட்டாங்க. நார்க்கழிவோட ஒவ்வொரு துகள் மேலயும் சத்து ஒட்டிக்கிற இடங்கள் இருக்கு. புதுசா இருக்கிறப்ப அந்த இடமெல்லாம் பொட்டாசியமும் சோடியமும் உட்கார்ந்திருக்கும். நீங்க குடுக்கற கால்சியம், மக்னீசியத்தை அது இழுத்து ஒட்ட வெச்சுக்கிட்டு, பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். முதல் ஒண்ணு ரெண்டு மாசம் செடிக்குக் கிடைக்கிறது அந்த ரெண்டுதான். அது மேல வாழைத்தோல் வேற.

வாழைத்தோலை நிறுத்துங்க. ஒரு ஸ்பூன் ரெண்டு லிட்டருக்குன்னு கரைச்சு, 15 நாளைக்கு ஒரு தடவை வேருக்கு அரை லிட்டர். மூணு தடவையோட நிறுத்திட்டு இலையைப் பாருங்க.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்: அம்மா, மன்னிக்கணும். 15 வருஷமா நார்க்கழிவுக் கட்டி போடற தொழில்ல இருக்கேன். எங்க சரக்குல உப்பு இருக்குன்னு பொதுவா சொல்றது நியாயமில்லை. கடலோரத்துல உப்பங்கழியில மட்டையை ஊறப் போடறவங்க சரக்குல சோடியம் இருக்கும். நாங்க மில்லுல அடிக்கிறோம், நல்ல தண்ணி. களத்துல மழை பட்டு மாசக்கணக்கா கிடக்கு.

பதில்: நீங்க சொல்ற வித்தியாசம் உண்மை தம்பி, நான் பிரிச்சு எழுதியிருக்கணும். உப்பங்கழி மட்டைக்கும் பொள்ளாச்சி மட்டைக்கும் சோடியம் நிறைய வித்தியாசப்படும். ஆனா பொட்டாசியம் மட்டைக்குள்ளேயே இருக்கிறது, ஊர் மாறினா மாறாது. மழையும் கழுவலும் தண்ணியில கரைஞ்சு நிக்கிற உப்பை எடுத்துட்டுப் போகும். துகள்ல ஒட்டினது வெறும் தண்ணிக்கு முழுசா வராது. அதைப் பெயர்க்கக் கால்சியம் வேணும். வெளிநாட்டுக்குப் போற சரக்கைக் கால்சியம் நைட்ரேட் கரைசல்ல ஊற வெச்சுக் கழுவறீங்க இல்லையா, அது எதுக்கு?

பொள்ளாச்சி: அது வாங்கறவங்க கேக்கற தரம். உள்ளூர்ல யாரும் கேக்கறதில்லை, அதுக்கான காசும் குடுக்கறதில்லை.

பதில்: அதைத்தான் சொல்ல வந்தேன். உங்க மேல குறை இல்லை. நம்ம ஊர் மாடிக்கு வர்ற அஞ்சு கிலோ கட்டி அப்படிப் பக்குவப்படாத சரக்கு. வாங்கறவங்களுக்கு அது தெரியணும்.

திண்டுக்கல்லிலிருந்து ஒருவர்: இதுக்குத்தான் கோகோபீட்டே வேண்டாங்கறேன். எங்க தாத்தா கோகோபீட் பார்த்ததுண்டா? செம்மண்ணும் எருவும் போட்டா எந்த உப்பும் வேண்டாம்.

பொள்ளாச்சி: ஐயா, மூணாவது மாடியில 50 பைக்குச் செம்மண் ஏத்துங்க, தளம் தாங்குதா பார்ப்போம். வெயில் காலத்துல செம்மண் பை கல்லா இறுகும், வேர் மூச்சு விடாது.

திண்டுக்கல்: எரு சரியாப் போட்டா இறுகாது. கோகோபீட் பை மேல ஈரமாத் தெரியும், கீழே காஞ்சு கிடக்கும். இல்லேன்னா மேல காஞ்சு கீழே சேறு. அதை நம்பித் தண்ணி விட்டே பாதிப் பேர் செடியைக் கொல்றாங்க.

பதில்: ரெண்டு பேரும் கையில மண் பட்டவங்க, அதனால ரெண்டு பேச்சுலயும் சத்து இருக்கு. தளத்தோட பாரம் நிஜமான கவலை. பழைய வீட்டுல நானே செம்மண் மட்டும் போடச் சொல்ல மாட்டேன். திண்டுக்கல் ஐயா சொல்ற ஈரக் குழப்பமும் நிஜம். கோகோபீட் பையில விரலை ரெண்டாவது கணு வரைக்கும் விட்டுப் பார்த்துட்டுத்தான் தண்ணி ஊத்தணும்.

என் பையில செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மக்கின தொழுவுரமும் மண்புழு உரமும் சேர்ந்து ஒரு பங்கு. செம்மண்ணுலயும் தொழுவுரத்துலயும் மக்னீசியம் இருக்கு. அதனால 60 பையில எப்சம் கேக்கறது வருஷத்துக்கு ரெண்டோ மூணோதான். கோகோபீட்டை மூணு தண்ணியில ஊற வெச்சுப் பிழிஞ்சுட்டுத்தான் கலக்கறேன். முதல் தண்ணி டீ டிகாக்ஷன் நிறத்துல வரும், மூணாவது தண்ணி வெளுத்துடும்.

பொள்ளாச்சி: நாங்களே கால்சியம் நைட்ரேட்டுல பக்குவம் பண்ணின கட்டி தந்தா மாடியில வித்தியாசம் தெரியுமாம்மா? சும்மா கேக்கலை, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

பதில்: தெரியணும். இதுக்குக் கடைசியில வர்றேன், வரிசையில நிறையப் பேர் நிக்கறாங்க.

கேள்வி (விருதுநகர்): மல்லிகை இலை மஞ்சள், எத்தனை ஸ்பூன்?

பதில்: எந்த இலைன்னு எழுதலை. கொழுந்துன்னா மதுரைக்காரருக்குச் சொன்ன அன்னபேதி. மல்லிகையில நான் பார்த்ததுல பத்துக்கு எட்டு அதுதான்.

கேள்வி (ஈரோடு): இலை மஞ்சள், எப்சம் எவ்வளவு?

பதில்: என்ன செடி? எந்த இலை? என்ன தண்ணி?

கேள்வி (அம்பத்தூர்): வீட்டுக்குள்ள அரேகா பாம், மணி பிளான்ட். ஆர்.ஓ. மெஷின்ல வெளியேறுற தண்ணியை வீணாக்காம ஊத்தறேன். இலை நுனி கருகுது. எப்சம் தெளிச்சா பசுமை வரும்னாங்க.

பதில்: நுனி கருகறது உப்பு அதிகமானதோட அடையாளம் மா. ஆர்.ஓ. கழிவுத் தண்ணியில உங்க குழாய்த் தண்ணியோட உப்பெல்லாம் செறிஞ்சு வருது. அதைத் தரை துடைக்க, கழிப்பறைக்கு வெச்சுக்கோங்க. தொட்டி விளிம்புல வெள்ளைப் படிவு இருக்கும், பாருங்க. தொட்டியைக் குளியலறைக்கு எடுத்துட்டுப் போய், தொட்டி அளவைப் போல மூணு மடங்கு நல்ல தண்ணியை மெதுவா விட்டு அடி ஓட்டை வழியா ஓட விடுங்க. ஓட்டை அடைச்சிருந்தா முதல்ல குச்சியால குத்தித் திறங்க. அடித்தட்டுல தேங்கினதைக் கொட்டிடுங்க. உப்பு ஏறின தொட்டிக்கு இன்னொரு உப்பு வேண்டவே வேண்டாம்.

வீட்டுச் செடியில எப்சம் தேவைப்படற இடம் ஒண்ணு உண்டு. ஆர்.ஓ.வோட நல்ல தண்ணி இல்லேன்னா ஏ.சி. தண்ணி மட்டுமே ஊத்தறவங்க. அதுல மக்னீசியம் கிட்டத்தட்ட கிடையாது. அப்பவும் எப்சத்தைத் தனியாத் தர்றதை விட, நுண்ணூட்டமும் சேர்ந்த முழு உரத்தைப் பாக்கெட்ல போட்ட அளவுல கால் பங்கு கரைச்சு மாசம் ஒரு தடவை குடுங்க. பாம் வகையில பொட்டாசியக் குறையும் சேர்ந்தே வரும். மக்னீசியத்தை மட்டும் தூக்கினா அது மோசமாகும்.

கேள்வி (குன்னூர்): ஹைட்ரேஞ்சியா முன்னாடி நீலமா பூத்தது. சிமென்ட் தொட்டிக்கு மாத்தினதும் ரோஸ் ஆயிடுச்சு. எப்சம்ல கந்தகம் இருக்கே, மண்ணைப் புளிப்பாக்கி நீலத்தைக் கொண்டு வருமா?

பதில்: அருமையான கேள்வி. எப்சம்ல இருக்கிற கந்தகம் ஏற்கெனவே சல்பேட்டா மாறினது, அதுக்கு மண்ணைப் புளிப்பாக்கற சக்தி கிடையாது. புளிப்பாக்கறது கந்தகத் தூள். மண்ணுல இருக்கிற பாக்டீரியா அதை மெதுவா அமிலமாக்கும். நீலம் வர்றதுக்கு அலுமினியம் வேணும், அது புளிப்பு மண்ணுலதான் கரையும். நீலகிரி மண் தானாவே புளிப்பு, அதனால தரையில நீலம் பூத்தது. புது சிமென்ட் தொட்டியில இருந்து சுண்ணாம்பு கசிஞ்சு மண்ணைக் காரமாக்கிடுச்சு. மண் தொட்டிக்கு மாத்தி, தோட்டத்து மண்ணையே நிரப்புங்க. படிகாரத்துல அலுமினியம் இருக்கு, மொட்டு வர்றதுக்கு முன்னாடி நீர்க்கக் கரைச்சு ஊத்தலாம். இந்த வருஷப் பூ மாறாது, அடுத்த பூவுல தெரியும்.

கேள்வி (மார்த்தாண்டம்): 80 தென்னை. அடி மட்டை ஓலை மஞ்சள்.

பதில்: தோட்டத்துக்கு வந்து பார்க்காம 80 மரத்துக்கு நான் மருந்து எழுத மாட்டேன் சார். மழை அதிகமான செம்புறை மண்ணுல மக்னீசியம் அடிச்சுட்டுப் போறது உண்மை. பக்கத்துக் கேரளத்துல மரத்துக்கு வருஷம் 500 கிராம் மக்னீசியம் சல்பேட் போடறது பரிந்துரையிலேயே இருக்கு. ஆனா தென்னையில பொட்டாசியக் குறையும் அடி மட்டையிலதான் ஆரம்பிக்கும். மண்ணை எடுத்து மாவட்ட மண் பரிசோதனை நிலையத்துல குடுத்துட்டு, முடிவைப் பார்த்துப் போடுங்க.

கேள்வி (தஞ்சாவூர்): டி.ஏ.பி. கரைசலோட எப்சம் கலந்தா அடியில வெள்ளையா படியுது. பஞ்சகவ்யத்தோட கலக்கலாமா?

பதில்: டி.ஏ.பி. பாஸ்பேட் உரம். அந்த வெள்ளை மக்னீசியமும் பாஸ்பேட்டும் பிடிச்சுக்கிட்டுக் கரையாமப் போனது. இலைக்கு உதவாது, தெளிப்பான் மூக்கையும் அடைக்கும். கால்சியம் நைட்ரேட்டோட கலந்தாலும் இப்படித்தான், அங்கே ஜிப்சம் படியும். பஞ்சகவ்யம் ஒரு வாரம், எப்சம் அடுத்த வாரம்னு தனித்தனியா குடுங்க.

கேள்வி (புதுச்சேரி): நாங்க இயற்கை முறை. எப்சம் ரசாயனம்தானே, நீங்க எப்படிப் பரிந்துரைக்கலாம்?

பதில்: பூமிக்குள்ள கிடைக்கிற தாது இது. கடையில வர்றது பெரும்பாலும் ஆலையில தயாராகறது. அமெரிக்காவோட அங்கக வேளாண் விதியில, மண்ணுல குறை இருக்குன்னு ஆவணத்தோட காட்டினா மக்னீசியம் சல்பேட்டுக்கு அனுமதி உண்டு. அந்த நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்களுக்கு மனசு ஒப்பலேன்னா போட வேண்டாம். மக்கின தொழுவுரத்துல இருந்தே மெதுவா கிடைக்கும்.

கேள்வி (வேலூர்): மூட்டு வலிக்குக் கால் ஊற வைக்கலாமா? வயித்துக்குக் குடிக்கலாமா?

பதில்: மருத்துவரைக் கேளுங்க. உரக்கடை உப்பை வாயில வைக்கக்கூடாது. டப்பாவுல பேர் எழுதி ஒட்டினீங்களா?

கேள்வி (ஓசூர்): ரோஜாவுக்கு எத்தனை ஸ்பூன் மேடம்? இலை மஞ்சள்.

பதில்: நாலாவது தடவை இந்தக் கேள்வி வருது. கோபம் இல்லை, வருத்தமா இருக்கு. மேல எழுதினது எல்லாமே இதுக்குத்தான். தொட்டியில ஈரம் எப்படின்னு விரல் விட்டுப் பாருங்க. அடி ஓட்டை திறந்திருக்கான்னு பாருங்க. எந்த இலை மஞ்சள்னு பார்த்து எழுதுங்க, எவ்வளவு நேரமானாலும் பதில் தர்றேன்.

ஓசூர்: பார்த்தேன் மேடம். அடி ஓட்டையில வேர் அடைச்சுக்கிட்டுத் தண்ணி நிக்குது. மண்ணுல நாத்தம் வருது.

பதில்: பார்த்துச் சொன்னதுக்கு நன்றி மா. வேர் அழுக ஆரம்பிச்சிருக்கு, உப்பு தேவையில்லை. நாளைக்குச் சாயங்காலம் தொட்டியில இருந்து எடுத்து, கருத்து வழவழன்னு இருக்கிற வேரை வெட்டிட்டு, ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாத்துங்க. மேல் கிளையையும் மூணுல ஒரு பங்கு கவாத்து பண்ணிடுங்க, மிச்சமிருக்கிற வேருக்குப் பாரம் குறையும். ஒரு வாரம் நிழல். துளிர் வர்ற வரைக்கும் எந்த உரமும் வேண்டாம்.

பொள்ளாச்சி தம்பிக்குக் கடைசியா: பக்குவம் பண்ணினது ஒரு கட்டி, பண்ணாதது ஒரு கட்டி, ரெண்டையும் ஒரே மட்டைக் குவியல்ல இருந்து எடுத்து ஆடிப் பட்டத்துக்கு முன்னாடி அனுப்புங்க. ஒரே நாத்தங்கால் கத்தரி நாத்து, வகைக்கு ஆறு பை, ஒரே தண்ணி, ஒரே மண்புழு உரம். எப்சம் எதுக்கும் கிடையாது. பை மேல எண் மட்டும் போட்டு, எது எதுங்கறதைத் திண்டுக்கல் ஐயாகிட்ட எழுதிக் குடுத்துடலாம், அவர் வெச்சிருக்கட்டும். வாரம் ஒரு நாள் அடியில இருந்து நாலாவது இலையைப் படம் எடுத்து இங்கே போடறேன்.

திண்டுக்கல்: எழுதிக் குடுங்க, வெச்சிருக்கேன். கூடவே செம்மண், எரு மட்டும் போட்ட பையும் ஆறு வைக்கணும்.

பதில்: வைக்கறேன் ஐயா. மொத்தம் பதினெட்டு பை. படிக்கட்டுப் பக்கத்து மூலையில இருக்கிற பழைய பையெல்லாம் நாளைக்கே எடுத்துட்டு இடம் பண்றேன்.